விமர்சனத் தொகுப்பு படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு விமர்சகர் இருபது முப்பது வருடமாகக் கவிஞர்களைப் பற்றியும் நாவலாசிரியர்களைப் பற்றியும் அங்கங்கே எழுதியதைத் திரட்டி ஒரே அட்டைக்குள் போட்டுத் தருகிறார்கள். நாமும் முதல் பக்கத்திலிருந்து நாவல் மாதிரி ஆரம்பித்து, மூன்றாவது கட்டுரையில் மூடி வைத்துவிடுகிறோம். முதல் சறுக்கல் இதுதான். பொருளடக்கத்தைப் பார்த்து, நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்திருக்கிற ஒரு எழுத்தாளரைப் பற்றிய கட்டுரைக்கு நேராகப் போங்கள். உங்களுக்குப் பழக்கமான வீட்டுக்குள் இந்த மனிதர் எப்படி நடமாடுகிறார் என்று பார்த்தால்தான், பழக்கமில்லாத வீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பது பிடிபடும்.

அடுத்தது தேதியைப் பார்க்காமல் படிப்பது. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. தொகுப்பு என்பது பார்வைக்கு ஒரு புத்தகம், உள்ளே இருப்பதோ வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்களோடு பேசிய பேச்சு. ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான டி.எஸ். எலியட், மெட்டாஃபிசிக்கல் கவிஞர்கள் எனப்படும் ஜான் டன் முதலான பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் பார்த்தால் ஏதோ சித்தாந்த நூலின் அத்தியாயம் போல இருக்கும். உண்மையில் அது, கிரியர்சன் என்ற பேராசிரியர் தொகுத்த ஒரு கவிதைத் திரட்டுக்கு 1921-இல் எலியட் டைம்ஸ் பத்திரிகையின் இலக்கிய இணைப்பிதழில் பெயர் போடாமல் எழுதிய மதிப்புரை. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிதையில் சிந்தனையும் உணர்ச்சியும் பிரிந்துபோயின என்று போகிற போக்கில் அதில் சொன்னதைத்தான் அப்புறம் வந்தவர்கள் வேதவாக்காக்கிவிட்டார்கள். ஹாம்லெட் பற்றிய அவருடைய 1919 கட்டுரையும் அந்த நாடகத்தைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தை முன்வைத்து எழுதப்பட்டதுதான்.

நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் புதுக்கவிதைக்காக வாதாடிய கட்டுரைகளை இன்று படிக்கிறவருக்கு, ‘இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு?’ என்று தோன்றும். யாப்பில்லாமல் எழுதினால் அது கவிதையே இல்லை என்று எதிரே நின்றவர்களுக்குச் சொன்ன பதில் அது. எதிராளி போய்விட்டார், பதில் மட்டும் புத்தகத்தில் தனியாக நிற்கிறது. அதனால் கட்டுரையைத் தொடங்கும் முன், அடியிலோ புத்தகத்தின் கடைசியிலோ ‘முதலில் வெளியானது’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். அதைப் போடாத தொகுப்பாசிரியர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும், இன்னும் சரியாகச் சொன்னால் நிறையவே வரும்.

தேதியை விட்டால் இன்னொரு வினையும் சேர்ந்து வரும். ஒரே விமர்சகர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசினால் ‘மாட்டிக்கொண்டார்’ என்று குதிப்போம். பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலக் காவியக் கவிஞர் மில்டனைப் பற்றி எலியட் 1936-இல் ஒரு கட்டுரை எழுதினார்: மில்டனின் பாதிப்பு கவிஞர்களுக்குக் கெடுதல் என்பது அதன் சாரம். 1947-இல் ஒரு சொற்பொழிவில், கவிஞர்கள் இப்போது அந்தப் பிடியிலிருந்து போதுமான அளவு வெளியே வந்துவிட்டார்கள், இனி மில்டனிடம் கற்றுக்கொள்ளலாம் என்றார். 1957-இல் வந்த தொகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், பழையதை ஒளிக்கவில்லை. இரண்டு தடவையும் அவர் கவிதை எழுதிக்கொண்டிருக்கிற ஒருவராகத்தான் பேசுகிறார். எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் என்ன தேவை என்பதுதான் மாறியிருக்கிறது. இந்த மாதிரி இடங்களைப் படிக்கத்தான் நான் தொகுப்பே வாங்குகிறேன்.

ஒரு பெயர் தொகுப்பில் இல்லை என்றால் விமர்சகர் அவரை ஒதுக்கிவிட்டார் என்று முடிவுகட்டுவதும் அவசரம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1779 முதல் 1781 வரை வெளியிட்ட கவிஞர் வரலாறுகளில் 52 பேர் இருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் இல்லை, சாசர் இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: பட்டியலைப் பெரும்பாலும் போட்டது புத்தக வியாபாரிகள், ஜான்சன் சேர்க்கச் சொன்னது ஒரு சிலரைத்தான். ஜான் டன்னுக்கும் தனி வரலாறு கிடையாது, ஆனால் கௌலி என்ற கவிஞரைப் பற்றி எழுதும்போது டன்னின் வரிகளை வைத்தே ஜான்சன் பக்கம் பக்கமாக வாதிடுகிறார். பொருளடக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம், பட்டப்பெயரைப் பிடித்துக்கொள்கிற பழக்கம். மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்றார் புதுமைப்பித்தன். அழகான தொடர், மறக்கவும் முடியாது, அதுதான் பிரச்சினையும். மௌனியின் ஒரு கதையைக்கூடப் படிக்காமல், திருமந்திரத்தில் ஒரு பாட்டையும் தொடாமல் அந்தத் தொடரைச் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் எத்தனை பேர்! நானும் சில காலம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஒப்பீடு இரண்டு பக்கமும் தெரிந்தவருக்குத்தான் வேலை செய்யும், மற்றவருக்கு அது வெறும் முத்திரை.

கவிஞரைப் பற்றிய கட்டுரையையும் நாவலைப் பற்றிய கட்டுரையையும் ஒரே மாதிரி படிப்பது பலரும் கவனிக்காத தவறு. கவிதை விமர்சனத்தில் சாட்சி அங்கேயே இருக்கும்: வரிகளை எடுத்துப் போட்டிருப்பார், ‘இந்தச் சொல் இங்கே பாரமாக இருக்கிறது’ என்பார், நீங்களே வாய்விட்டுப் படித்துச் சரியா தப்பா என்று பார்த்துவிடலாம். நாவலுக்கு அது முடியாது. அறுநூறு பக்கத்தை விமர்சகர் மூன்று பத்தியில் சுருக்கித் தருகிறார், அந்தச் சுருக்கத்திலேயே தீர்ப்பு கலந்திருக்கும். ‘கோழையான கணவன்’ என்று அவர் கதைச் சுருக்கத்தில் எழுதியிருந்தால், அந்தக் ‘கோழை’ நாவலாசிரியர் சொன்னதா, விமர்சகர் சேர்த்ததா? நாவலைத் திறக்காமல் தெரியாது. கவிஞரைப் பற்றிய கட்டுரையை முன்னால் படித்தால் பெரிய நஷ்டமில்லை, பல சமயம் லாபம்தான். நாவலைப் பற்றியதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், கதை முடிவை இரண்டாவது பத்தியிலேயே போட்டு உடைக்கிற விமர்சகர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதற்காகவும்.