பெங்களூரு இன்டர்ன்ஷிப்பில் நல்ல பெயரைக் கெடுக்கும் தவறுகள்

ஆண்டுதோறும் ஜனவரி பிறந்ததும் சேலம், கோவை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பெட்டியோடு பெங்களூருக்கு வந்து, பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பி.ஜி.யில் (கட்டண விடுதியில்) மூவருக்கு ஓர் அறை எடுத்துத் தங்கி, கடைசிப் பருவத்து இன்டர்ன்ஷிப்பைத் தொடங்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மென்பொருள் நிறுவனமொன்றில் அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு எனக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கிறது. திறமை போதாமல் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்கியே கெடுத்துக்கொண்டவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஒரு மாணவனுக்கு முதல் வாரத்திலேயே சிறிய வேலையொன்றைக் கொடுத்திருந்தேன். நாளும் காலை ஒவ்வொருவரும் தம் வேலை நிலவரத்தைச் சொல்லும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் "போய்க்கொண்டிருக்கிறது" என்றான். ஐந்தாம் நாள் அருகில் உட்கார்ந்து பார்த்தபோது, அந்த டேட்டாபேஸைத் திறக்கும் அனுமதியே அவனுக்கு வழங்கப்படவில்லை என்பது தெரிந்தது. திரையில் வந்த பிழைச் செய்தியைத் தன் தவறு என்று எண்ணி, இரவெல்லாம் கண்விழித்துத் தன் நிரலையே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான். கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அனுமதி வாங்கித் தராதது எங்கள் பிழை. அதை நான்கு நாள் சொல்லாமல் வைத்திருந்தது அவன் பிழை.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும், ஏனெனில் நானும் அதே வகுப்பறைகளிலிருந்து வந்தவள்தான். கேள்வி கேட்பவன் பாடத்தைக் கவனிக்காதவன் என்றும், மூத்தவரிடம் சந்தேகம் எழுப்புவது மரியாதைக் குறைவு என்றும் நமக்குச் சொல்லாமலே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் கணக்கு வேறு. அங்கே மேலாளருக்குத் தேவைப்படுவது, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற உண்மை மட்டுமே. வெள்ளிக்கிழமை முடியாது என்பதைப் புதன்கிழமையே சொல்பவரை நம்பி அடுத்த வேலையைக் கொடுக்க முடியும். "முடித்துவிடுகிறேன்" என்று தலையாட்டிவிட்டு வெள்ளி மாலை கைவிரிப்பவரிடம் எதையும் ஒப்படைக்கத் துணிவு வராது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எதையும் முயன்று பார்க்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வருவதும் தவறுதான். அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ தானே முயன்றபின், என்ன செய்ய நினைத்தேன், என்னென்ன செய்து பார்த்தேன், என்ன பிழைச் செய்தி வந்தது, எங்கே சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன் என்ற நான்கையும் எழுதி அனுப்பினால், பதில் சொல்பவரின் நேரமும் மிச்சமாகும், உங்கள் சிந்தனையும் அவருக்குத் தெரியும். எழுதும்போதே விடை கிடைத்துவிடுவதும் உண்டு. கிடைத்த பதிலைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரே கேள்வியோடு மூன்றாம் முறை வருவதுதான் எவருக்கும் சலிப்பைத் தரும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் எந்த அலுவலகத்திலும் நான்கு தமிழர்கள் இருப்பார்கள், அவர்களைக் கண்டதும் ஊரே வந்தது போல ஓர் ஆறுதல் பிறக்கும். அது வேண்டியதுதான். ஆனால் மதிய உணவு மேசையில் கன்னடமோ இந்தியோ பேசும் சக ஊழியர் ஒருவர் உடனிருக்கையில் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பது அவரை வெளியே நிறுத்துவதாகும். என்னைத் தனியே இருக்கும்போது அக்கா என்று அழைப்பவர்களிடம், கூட்டத்தில் பெயர் சொல்லி அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாயிற்காவலரிடமும் உணவகத்து ஊழியரிடமும் "ஊட்டா ஆய்தா?" (சாப்பிட்டாயிற்றா?) என்று நாலு சொல் கன்னடத்தில் கேட்கப் பழகியவர்களை அந்தத் தளம் முழுவதும் விரைவில் அறிந்துகொள்கிறது.

நிறுவனத்தின் தகவல்களைக் கையாள்வதில் நேரும் தவறு மட்டும் மன்னிக்கப்படுவதில்லை. சேர்ந்த அன்று நீங்கள் கையெழுத்திடும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். திரை தெரியும்படி எடுத்த செல்ஃபி, கல்லூரி அறிக்கையில் ஒட்டிய வாடிக்கையாளர் விவரம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் சொந்தக் கணக்கில் ஏற்றிய அலுவலக நிரல் ஆகிய எல்லாமே மீறல்கள். அலுவலக நிரலை அனுமதியின்றிச் சாட்ஜிபிடியில் ஒட்டிக் கேட்பதும் இதில் சேரும். தென்கொரியாவின் சாம்சங் நிறுவனத்தில் அனுபவமுள்ள பொறியாளர்களே அவ்வாறு செய்ததையடுத்து, 2023 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் கருவிகளில் அத்தகைய சேவைகளைத் தடை செய்தது. எந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்பதை முதல் நாளே கேட்டுவிடலாம். அனுமதி இருந்தாலும், தனக்கே புரியாத வரியை, மற்றவர்கள் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு அனுப்பக் கூடாது. ஏன் இப்படி எழுதினாய் என்ற முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

நேரம் தவறுவதற்குச் சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டுவது முதல் வாரத்தோடு நின்றுவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் எலக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது.

நல்ல பெயர் வாங்க வேண்டுமென்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்வதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஊழியர் என்ற சொல்லுக்குள் பயிற்சி பெறுபவரையும் சேர்த்திருக்கிறது; ஊதியம் தரப்படுகிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும், புகாரைப் பொதுவாக நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் போகப்போகிறோம், எதற்கு வம்பு என்று மௌனமாக இருந்து கலங்கிய பெண்களை நான் அறிவேன். அந்தக் குழுவின் உறுப்பினர்கள் யார் என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தை விருந்துக்கும் படமெடுப்பதற்கும் ஒதுக்கிவிட்டு, செய்த வேலையை அப்படியே விட்டுச் செல்வது பலரும் செய்யும் தவறு. எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் எது உடையும் என்பதை எழுதி ஒப்படைக்க வேண்டும். கல்லூரிக்குத் தேவையான சான்றிதழையும் வழிகாட்டி விடுப்பில் போகுமுன் கேட்டு வாங்கிவிட வேண்டும். டேட்டாபேஸ் அனுமதியின்றி நான்கு நாள் தவித்த அந்த மாணவன் போகும்போது நாலு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் முதல் பக்கத்தில், புதிதாக வருபவர் எந்தெந்த அனுமதிகளை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. அடுத்து வந்த மாணவி அதை வைத்துக்கொண்டு இரண்டாம் நாளே வேலையைத் தொடங்கினாள்.