விளையாட்டு வளாகம் திட்டமிடுகிறீர்களா? முதலில் ஒரு வாரத்தைக் கட்டம் போடுங்கள்

தேசிய அணி வீரர்களுக்கும் ஊர்மக்களுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வளாகம் வரப்போகிறது, திட்டக்குழுவில் உங்களையும் போட்டிருக்கிறார்கள் என்றால், கட்டடக்கலைஞர் படத்தை விரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டடக்கலைஞர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு நீச்சல் வளாகத்தில் 19 வருடம் நேர அட்டவணை போட்டவள். காலை நாலரைக்குக் கதவு திறப்பது முதல் ராத்திரி குளோரின் அளவு பார்த்துப் பூட்டுவது வரை எல்லாமே என் கையில் பட்ட வேலைகள். அப்புறம் இரண்டு புதிய வளாகங்களின் ஆலோசனைக் குழுவிலும் உட்கார்ந்தேன். இரண்டிலும் ஒரே தவறு. கட்டடத்தை வரைந்து முடித்த பிறகுதான் "யார் எப்போது வருவார்கள்?" என்று கேட்டார்கள். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு பெரிய சார்ட் தாள் வாங்குங்கள். காலை 4.30 முதல் இரவு 9 வரை அரைமணிக்கு ஒரு கட்டம். நாளுக்கு 33, வாரத்துக்கு 231 கட்டங்கள். நீச்சல் குளத்துக்கு ஒரு தாள், ஓடுதளத்துக்கு ஒன்று, உள்ளரங்குக்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று. தேசிய அணிக்குச் சிவப்புப் பென்சில், பள்ளிகளுக்கு நீலம், வயதானவர்களுக்குப் பச்சை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மஞ்சள், வேலை முடிந்து வருபவர்களுக்குக் கறுப்பு. இப்போது நிரப்புங்கள். நீச்சல் அணி காலை 5 முதல் 7, மறுபடி மதியம் 3 முதல் 5.30. பள்ளிகள் 8 முதல் 1. பெரியவர்கள் பத்து மணிவாக்கில். பத்து மணிக்குப் பள்ளிகளும் பெரியவர்களும் லேனைப் பங்கிட்டுக்கொள்ளலாம்; மற்றதெல்லாம் ஒன்றோடு ஒன்று மோதாது. மோதுவது ஒரே இடம்தான்: மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை, சிவப்பும் மஞ்சளும். வளாகத்துக்காகச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து கட்டங்களைத் தீர்க்கப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஐந்து கட்டங்களைத் தினமும் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் வளாகத்தில் மதியம் மூன்று மணிக்கு எட்டு லேனும் அணிக்கு என்று எழுதியிருக்கும். கம்பிக் கதவுக்கு வெளியே பிள்ளைகள் நிற்பார்கள். துண்டைச் சுருட்டிக் கடைப் பையில் திணித்து, அந்தப் பையின் காதை மணிக்கட்டில் மாட்டியிருப்பார்கள். சின்னவன் ஒருவன் நெற்றியைக் கம்பியில் வைத்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்; போகும்போது நெற்றியில் கம்பியின் கட்டம் பதிந்திருக்கும். உள்ளே எத்தனை பேர் நீந்துகிறார்கள் என்று ஒரு வாரம் அரைமணிக்கு ஒருதரம் தலை எண்ணினேன். பல நாள் ஒன்பது பேர். சில நாள் ஆறு. அந்த எண்களை எழுதிக் கோச்சிடம் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "மூன்று லேன் போதும், மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதுவரை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

ஆகவே அடுத்த வேலை, எண்ணுவது. பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு வளாகத்துக்குப் போய் ஒரு வாரம் தலை எண்ணுங்கள். 50 மீட்டர் லேன் ஒன்றில் நன்கு பழகிய நீச்சல்காரர்கள் நான்கைந்து பேர் சுற்றிச் சுற்றி வரலாம். இருபது பேர் கொண்ட அணிக்கு ஐந்து லேன் தாராளம். பத்து லேன் குளம் என்றால் மீதி ஐந்து ஊருக்கு.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு செய்தால் பின்னால் திருத்தவே முடியாத இடம் இதுதான். போட்டிக் குளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், இரண்டு மீட்டருக்குக் குறையாத ஆழம். அதாவது 25 லட்சம் லிட்டர் தண்ணீர். போட்டி விதிப்படி அதன் வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வேகமாக நீந்துகிறவருக்கு அது சுகம். நீச்சல் பழகும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாது, பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிடும். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து முட்டிவலியோடு வந்த ஓர் ஆயா என்னிடம் கேட்டார்: "தண்ணி இவ்ளோ சில்லுனு இருந்தா முட்டி எப்படிம்மா மடங்கும்?" அவர் மறுபடி வரவில்லை. ஒரே குளத்தில் இரண்டு வெப்பம் வைக்க முடியாது. அதனால் இரண்டாவது குளம் கட்டாயம்: 25 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் சொச்சம் ஆழம், 30 டிகிரிக்கு மேல் வெப்பம், படிக்குப் பதில் சக்கர நாற்காலி இறங்கும் சரிவு. பணம் போதவில்லை என்றால் பார்வையாளர் மாடத்தைக் குறையுங்கள், இந்தச் சின்னக் குளத்தைக் குறைக்காதீர்கள். போட்டி வருடத்தில் சில நாள். முட்டிவலி தினமும்.

சின்னக் குளத்துக்குத் தனி வடிகட்டி, தனி பம்ப் வேண்டும். ஆழம் குறைவு, ஆள் அதிகம் என்பதால் அதன் தண்ணீர் மிக வேகமாகச் சுற்றி வர வேண்டும். பெரிய குளத்தோடு சேர்த்துக் குழாய் போட்டால், ஒரு குழந்தை அசுத்தப்படுத்திய நாளில் தேசிய அணியின் பயிற்சியும் நின்றுவிடும். அப்புறம் ஒன்று: கண் எரிகிற அந்த "குளோரின் வாடை" குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாவது. ஷவரைக் குளத்துக்குப் போகும் வழியிலேயே வையுங்கள், தாண்டாமல் உள்ளே போக முடியாதபடி. வெந்நீர் வர வேண்டும். பச்சைத் தண்ணீர் ஷவரில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

ஓடுதளம் சுருக்கமாக. நீண்ட பக்கம் வடக்கு தெற்காக இருக்கட்டும். காலை, மாலை வெயில் ஓடுகிறவர் கண்ணில் அடிக்காது. டர்பனில் காற்று ஒரு நாள் வடகிழக்கு, மறுநாள் தென்மேற்கு என்று திசை மாறி அடிக்கும். நீளம் தாண்டும் ஓடுபாதைக்கு இரண்டு முனையிலும் மணல்குழி வைத்தால் எந்த நாளும் பயிற்சி கெடாது. சம்மட்டி, ஈட்டி எறிதலுக்கு வேலி போட்ட தனி மைதானம் வேண்டும். ஆண்கள் சம்மட்டி 7.26 கிலோ. ஊர்ப் பிள்ளைகள் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கலாமா என்ற பேச்சே கூடாது. நடைப்பயிற்சிக்காரர்களை எட்டாவது லேனில் விடுவதாகச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். வளாகத்தின் எல்லையை ஒட்டி இரண்டு மீட்டர் அகலத்தில் விளக்குப் போட்ட நடைபாதை அமைத்துக் கட்டணமில்லாமல் திறந்து விடுங்கள். முழு வளாகத்திலும் அதிகம் பேர் பயன்படுத்தப்போவது அதுதான்.

சரி, இப்போது வாசல்.

வீரர்களுக்கு ஒரு வாசல், ஊருக்கு ஒரு வாசல் என்று படம் வரும். பாதுகாப்பு என்பார்கள், தனிமை என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இரண்டு வாசல் என்பதற்கு வேறு பொருள் உண்டு. 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990 வரை இருந்தது. எந்தக் கடற்கரை, எந்தக் குளம், எந்த பெஞ்சு யாருக்கு என்று நிறத்தை வைத்துப் பலகை போட்ட காலம். என் மாமியார் டர்பனில் பிறந்து வளர்ந்தவர். கடலிலிருந்து சில மைல் தூரத்தில் வாழ்ந்தும் நீச்சல் தெரியாது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் விளையாடக் கிடைத்த மைதானங்களில் பேர் பெற்றது கரீஸ் ஃபவுண்டன். டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி போன்றவர்கள் விளையாட்டில் நிறவெறியை எதிர்த்து உலகம் முழுக்கப் போராடினார்கள். 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் பக்கமே போக முடியாதிருந்த நாடு 1992-இல் பார்சிலோனாவுக்குப் போனபோது நாட்டின் ஒலிம்பிக் குழுவின் தலைவர் ராம்சாமிதான். இத்தனைக்கும் பிறகு கட்டும் வளாகத்தில் ஊர்ப்பிள்ளை பின்வாசலால் நுழையக் கூடாது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்கவே மனம் வராது.

ஒரே முன்வாசல், ஒரே வரவேற்பு மேசை, ஒரே சாப்பாட்டுக் கூடம். பிரிவு அதற்கு உள்ளே இருக்கட்டும். வீரர்களுக்குத் தேவையான தனிமை உண்மையானது, அதை மறுக்கவில்லை. மதியம் தூங்குகிறவர்கள் அவர்கள், ஆகையால் விடுதி வளாகத்தின் அமைதியான மூலையில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தூரமாக. பிசியோதெரபி அறையும் ஊக்கமருந்துச் சோதனை அறையும் மாடியில். சோதனை அதிகாரிகள் சொல்லாமல் வருவார்கள். காத்திருக்கும் இடம், எழுத்து வேலைக்கு அறை, அதிலிருந்து நேராகப் போகும் கழிப்பறை மூன்றும் சேர்ந்து ஒரே கதவுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகள் உடை மாற்றும் அறை பெரியவர்கள் அறையிலிருந்து தனியாக, வாசல் மட்டும் வரவேற்பு மேசையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி. அப்புறம் குளத்துக்கும் வரவேற்புக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். சாட் லே க்ளோஸ் டர்பனில் பிறந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்துத் தங்கம் வென்றவர். அப்படி ஒருவர் நீந்துவதைத் துண்டுப் பையோடு நிற்கும் பிள்ளை பத்தடி தூரத்தில் பார்க்க முடிந்தால் போதும்.

வாசலைத் தாண்டி வெளியேயும் பாருங்கள். டவுன்ஷிப்பிலிருந்து, அதாவது நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த புறநகர்க் குடியிருப்பிலிருந்து, வரும் பிள்ளை மினிபஸ் டாக்சியில் வரும். கடைசி டாக்சி எத்தனை மணிக்கு என்று டாக்சி நிறுத்தத்தில் போய் ஓட்டுநர்களிடமே கேளுங்கள். வகுப்பு அதற்கு அரைமணி முன்னால் முடிய வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம் என்றால் காவடி, தீபாவளி, புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவில் திருவிழா எல்லாவற்றையும் சார்ட்டில் குறியுங்கள். அந்த நாள்களில் தேர்வு முகாம் வைத்தால் எங்கள் பிள்ளைகள் வர மாட்டார்கள், ஆர்வமில்லை என்று குறித்துக்கொள்வார்கள். மக்கள் கருத்துக் கூட்டத்தை ஹோட்டலில் வைக்காதீர்கள். கோவில் மண்டபம், சர்ச் கூடம், பள்ளிக்கூடம் என்று மூன்று இடத்தில் வையுங்கள். ஜூலு பேசும் ஒருவர் கட்டாயம். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். விளக்கு, கழிப்பறை, உடை மாற்றும் இடம் பற்றி ஆண்கள் நடுவில் வாய் திறக்க மாட்டார்கள்.

மின்சாரம், தண்ணீர் பற்றி இரண்டு அனுபவம். லோட்ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் நான் பார்த்த ஒரு வளாகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதன் வயர் அலுவலகத்துக்கும் மைதான விளக்குக்கும் மட்டும் போயிற்று. குளத்து பம்ப்புக்கு இல்லை. ஒருநாளில் பல மணி நேரம் வடிகட்டி நின்று, மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி, குளத்தை மூடினார்கள். பம்ப்தான் முதலில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 2022 வெள்ளம். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே தொங்காட் ஊரில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. பக்கெட்டோடு லாரிக்குக் காத்திருந்தவர்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. அதனால் பள்ளமான நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் புல்லுக்கும் விடுங்கள். தண்ணீர் இல்லாத நாளில் தெருவுக்குக் கொடுக்க வெளிப்பக்கம் ஒரு குழாய் வைத்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

பணம் பேசும்போது கட்டுமானச் செலவை மட்டும் பேச விடாதீர்கள். செயற்கை ஓடுதளத்தைப் பத்து வருடவாக்கில் மாற்ற வேண்டி வரும். அதற்கான தொகையை முதல் வருடத்திலிருந்தே தனிக் கணக்கில் போட வேண்டும். ஊழியர் சம்பளம், மின்கட்டணம், குளோரின், உயிர்காப்பாளர் எல்லாவற்றுக்கும் பத்து வருடக் கணக்கு கேளுங்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் உயர்திறன் விளையாட்டு மையம் 2002 முதல் நடக்கிறது. நீச்சல் வீராங்கனை தத்யானா ஸ்கூன்மேக்கர் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்நீச்சலில் தங்கம் வாங்கியது அந்தப் பல்கலைக்கழகத்தின் குளத்தில் பயிற்சி எடுத்துத்தான். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தால் மருத்துவர், ஆய்வாளர், விடுதி எல்லாம் பங்கிட்டுக்கொள்ளலாம். முடிந்தால் அப்படிப்பட்ட நிலத்தையே தேடுங்கள்.

கடைசியாக, ஊருக்கென்று ஒதுக்கிய கட்டங்களை எழுத்தில் வாங்குங்கள், அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை லேன், கட்டணம் எவ்வளவு, "தேசிய முகாம்" என்று வருடத்தில் எத்தனை நாள் வரை மூடலாம், எத்தனை நாள் முன்னால் அறிவிக்க வேண்டும். நிலம் தரும் பத்திரத்தோடு அது சேர்ந்திருந்தால் நிர்வாகம் மாறினாலும் நிற்கும். திறப்பு விழா முடிந்த மறுவாரமே யாராவது ஒருவர் நோட்டோடு குளத்தோரம் உட்கார்ந்து அரைமணிக்கு ஒருதரம் தலை எண்ணட்டும். எண்ணிய தாளை வரவேற்பு மேசைக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை கோச்சும், பள்ளி ஆசிரியரும், பத்து மணிக்கு வரும் ஆயாக்களில் ஒருவரும் அதன் முன்னால் நின்று பேசிக் கட்டங்களை மாற்றிக்கொள்ளட்டும்.