வெற்றிலைக் கவுளியில் தொடங்கும் மோல் கணக்கு: பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு

"சார், இந்தக் கணக்குக்கு எந்த ஃபார்முலா போடணும்?"

பாபநாசம் பக்கத்தில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். வேதியியலில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். வினாத்தாளில் கிராம் இருந்தால் ஒரு சூத்திரம், லிட்டர் இருந்தால் இன்னொன்று, சதவீதம் வந்தால் வேறொன்று என்று நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க எழுதி வைத்திருப்பார்கள். அதில் எதைத் தொடுவது என்பதில்தான் சிக்கலே. பிளஸ் ஒன் முதல் பாடத்துக் கணக்குகளில் பெரும்பாலானவை ஒரே வழியில் போகின்றன. கொடுத்ததை மோலாக்கு, சமன்பாடு சொல்லும் விகிதத்தைப் போடு, கேட்ட அலகுக்குத் திருப்பு. அந்த வழியில் ஒரு தடவை மெதுவாக நடந்து பார்ப்போம். கால்குலேட்டர் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும்.

முதல் படி: மோல் என்றால் எண்ணிக்கை

நம்மூர்க் கொடிக்கால் பக்கம் போயிருக்கிறீர்களா? வெற்றிலையை அங்கே கவுளிக் கணக்கில்தான் கொடுப்பார்கள். ஒரு கவுளிக்கு 100 வெற்றிலை. கொழுந்து வெற்றிலையாக இருந்தாலும், முற்றின வெற்றிலையாக இருந்தாலும் கவுளி என்றால் 100தான். தராசில் வைத்தால் மட்டும் இரண்டும் வேறு வேறு எடை காட்டும்.

மோலும் இப்படி ஒரு கவுளி. எண்ணிக்கைதான் கொஞ்சம் பெரிசு: 6.022 × 10²³. ஒரு மோல் கார்பனிலும் ஒரு மோல் இரும்பிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. எடை மட்டும் வேறு: கார்பன் 12 கிராம், இரும்பு 56 கிராம்.

"ஏன் சார் இந்தக் கோணல் எண்? 10²⁴ என்று முழுசா வச்சிருக்கலாமே?" நல்ல கேள்வி, வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். வைத்திருக்கலாம். ஆனால் அப்போது ஒரு மோல் கார்பன் 12 கிராமாக இருக்காது, 19.93 கிராமாகிவிடும். அணு நிறை அட்டவணையில் பார்க்கும் எண்ணையே கிராமில் எழுதிக்கொள்ளும் வசதி போய்விடும். அந்த வசதிக்காகத்தான் இந்தக் கோணல். 2019 மே 20 முதல் இந்த எண்ணை 6.02214076 × 10²³ என்று அச்சுப் பிசகாமல் நிர்ணயம் செய்துவிட்டார்கள். தேர்வுக்கு 6.022 போதும்.

இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், எண்ணுக்குத் தன் பெயர் வந்ததும் இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோவுக்குத் தெரியாது, அந்த எண் எவ்வளவு என்பதும் தெரியாது. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கன அளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811ல் சொன்னார். 1856ல் காலமானார். எண்ணுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பெரின் சொன்னது 1909ல்.

இரண்டாம் படி: எடையிலிருந்து மோலுக்கு

ஹார்டுவேர் கடையில் ஆணியை யாரும் எண்ணித் தருவதில்லை, எடை போட்டுத் தருகிறார்கள். நூறு ஆணி எவ்வளவு எடை என்று தெரிந்தால், வாங்கிய எடையை அதால் வகுத்து எத்தனை நூறு என்று சொல்லிவிடலாம். வேதியியலில் அந்த "நூறு ஆணியின் எடை"க்குப் பெயர் மோலார் நிறை. இருக்கும் நிறையை மோலார் நிறையால் வகுத்தால் மோல் வந்துவிடும். இது சூத்திரமாகத் தெரிந்தால் அழித்துவிட்டு ஆணிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் மாணவனாக இருந்தபோது அதில் விழுந்திருக்கிறேன். "ஒரு மோல் நைட்ரஜன் வாயு எத்தனை கிராம்" என்ற கேள்விக்கு 14 என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். நைட்ரஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் இருக்கும். ஆகவே விடை 28. ஆக்சிஜன், ஹைட்ரஜன், குளோரின் எல்லாம் இப்படித்தான். கேள்வியில் "அணு" என்றிருக்கிறதா, "மூலக்கூறு" அல்லது "வாயு" என்றிருக்கிறதா என்று பார்த்து அடிக்கோடு போட்டுவிட்டுப் பேனாவை நகர்த்துங்கள்.

மூன்றாம் படி: யூரியா மூட்டையை மோலாக்குவோம்

சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் திண்ணையில் யூரியா மூட்டை இருக்கும். எடை 45 கிலோ, நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த 46 எங்கிருந்து வந்தது?

யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். கூட்டுங்கள்: 12 + 16 + 28 + 4 = 60. ஒரு மோல் யூரியா 60 கிராம்.

மூட்டை 45 கிலோ, அதாவது 45,000 கிராம். 60ஆல் வகுத்தால் 750 மோல். ஒவ்வொரு யூரியாவிலும் இரண்டு நைட்ரஜன் அணு இருப்பதால் 1,500 மோல் நைட்ரஜன் அணுக்கள். அணு என்பதால் இங்கே 14தான் போடணும், 28 போட்டால் போச்சு. 1,500 × 14 = 21,000 கிராம். மூட்டைக்குள் 21 கிலோ நைட்ரஜன்.

21ஐ 45ஆல் வகுத்தால் 46.67 சதவீதம் வருகிறது, மூட்டையிலோ 46. கணக்கு தப்பில்லை. நாம் போட்டது சுத்தமான யூரியாவுக்கு. மூட்டையில் இருப்பதில் கொஞ்சம் ஈரம், தயாரிப்பில் உண்டாகும் பையூரெட், மேலே வேப்பெண்ணெய்ப் பூச்சு எல்லாம் சேர்ந்திருக்கும். குறைந்தது 46 இருக்கும் என்ற உறுதிதான் அந்த அச்சு.

நான்காம் படி: சமன்பாட்டை விகிதமாகப் படிப்பது

வெற்றிலையை எடுத்தாச்சு, சுண்ணாம்பு வேண்டாமா?

கடலோரத்துக் கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுகிறார்கள். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி சூட்டில் அது கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். கால்சியம் ஆக்சைடுதான் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டு நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு, நாம் வெற்றிலையில் தடவுவது.

சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: ஒரு மோல் கார்பனேட்டுக்கு ஒரு மோல் ஆக்சைடு, ஒரு மோல் வாயு. மோலார் நிறைகள் 100, 56, 44. இடது பக்கம் 100, வலது பக்கம் 56 + 44, அதுவும் 100.

ஒரு கிலோ கிளிஞ்சல் போட்டால்? சுத்தமானது என்று வைத்துக்கொண்டால் 1,000 ÷ 100 = 10 மோல். விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் சுட்ட சுண்ணாம்பும் 10 மோல். 10 × 56 = 560 கிராம். மீதி 440 கிராம் காற்றோடு போயிற்று. சுட்ட பிறகு கிளிஞ்சல் லேசாகிவிடுவது இதனால்தான்.

தேர்வில் "90 சதவீதம் தூய்மையான" என்று ஒரு வார்த்தையை நுழைத்துவிடுவார்கள். பயம் வேண்டாம். முதலிலேயே 900 கிராமாக்கிக்கொண்டு மேலே சொன்னபடி போங்கள். 9 மோல், 504 கிராம்.

ஐந்தாம் படி: எது முதலில் தீரும்?

பாடப் புத்தகத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. பெயரைக் கேட்டே பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலைக்கு இரண்டு வடை என்று முடிவு. இலை 100, வடை 150. எண்ணிக்கையில் வடைதான் அதிகம், ஆனால் 75 இலையோடு வடை தீர்ந்துவிடும். பந்தியைக் கட்டுப்படுத்துவது வடை.

இப்போது 560 கிராம் சுட்ட சுண்ணாம்பில் 200 கிராம் தண்ணீர் விடுகிறோம். எது முதலில் தீரும்? "தண்ணீர்தானே சார் கம்மி" என்று பாதி வகுப்பு சொல்லும். கிராமை வைத்து ஒப்பிடக்கூடாது, மோலாக்கணும். சுண்ணாம்பு 10 மோல். தண்ணீர் 200 ÷ 18 = 11.1 மோல். ஒன்றுக்கு ஒன்று வினை. தீர்வது சுண்ணாம்பு. கிடைப்பது 10 மோல் நீற்றிய சுண்ணாம்பு, 10 × 74 = 740 கிராம்.

தண்ணீர் 90 கிராம் மட்டும் என்றால்? அது 5 மோல். பாதிச் சுண்ணாம்புதான் நீறும்: 370 கிராம் கிடைக்கும், 280 கிராம் நீறாமல் கிடக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 650. போட்டது 560 + 90, அதுவும் 650. விடை சரியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

(காகிதத்தில் இப்படி. நிஜத்தில் சுண்ணாம்பு நீறும்போது கொதித்துத் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடும், அதனால் கணக்குக்கு மேலேயே ஊற்றுவார்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று கிளம்ப வேண்டாம்.)

விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இல்லாவிட்டால் இன்னொரு வேலை சேர்கிறது. அம்மோனியா தயாரிப்பில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு, கிடைப்பது இரண்டு அம்மோனியா. 28 கிராம் நைட்ரஜன், 5 கிராம் ஹைட்ரஜன் கொடுத்திருக்கிறார்கள். மோலில் 1, 2.5. சமன்பாட்டில் அந்தந்தப் பொருளுக்கு முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள்: 1 ÷ 1 = 1; 2.5 ÷ 3 = 0.833. சின்ன எண் வந்தது ஹைட்ரஜனுக்கு, அதுதான் வடை. அம்மோனியா 0.833 × 2 = 1.666 மோல், 17ஆல் பெருக்கினால் சுமார் 28.3 கிராம்.

ஆறாம் படி: வாயு என்றால் 22.4

ஒரு மோல் வாயு 22.4 லிட்டர். ஆனால் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். தஞ்சாவூரில் எந்த மார்கழியில் 0 டிகிரி வந்தது? 35 டிகிரியில் அதே ஒரு மோல் ஏறக்குறைய 25.3 லிட்டர் இடம் பிடிக்கும். திட்ட வெப்ப அழுத்த நிலை என்று கேள்வியில் இருந்தால் மட்டும் 22.4ஐத் தொடுங்கள். வேறு வெப்பநிலை கொடுத்திருந்தால் நல்லியல்பு வாயுச் சமன்பாடு (PV = nRT). தண்ணீருக்கு 22.4 போடுகிறவர்களும் உண்டு; திரவத்துக்கு இது கிடையவே கிடையாது.

ஏழாம் படி: பியூரெட்டுக்கு முன்னால்

பிளஸ் டூ செய்முறையில் பெர்மாங்கனேட் தரம் பார்த்தல் வரும். முதலில் கரைசல். "0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம், 250 மி.லி." தயாரிக்கணும். 0.05 மோலார் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 0.05 மோல். ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறு உண்டு, ஆகவே மோலார் நிறை 126. 126 × 0.05 × 0.25 = 1.575 கிராம். இதைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அளவுக் குடுவையில் ஊற்றி, கோடு வரை தண்ணீர் சேர்க்கணும். 250 மி.லி. தண்ணீரை அளந்து அதில் போடுவது வேறு. கரைசல்தான் 250 மி.லி. இருக்கணும்.

அமிலத்தில் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்தால் அதில் 1 மில்லிமோல். பியூரெட்டில் இருக்கும் பெர்மாங்கனேட் 20 மி.லி. செலவானது என்று வைப்போம். சமன்பாட்டில் இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக் அமிலம். ஆகவே பெர்மாங்கனேட் 0.4 மில்லிமோல். 20 மி.லி.யில் 0.4 மில்லிமோல் என்றால் 0.02 மோலார். பழையபடி அதே மூன்று நடை.

நார்மாலிட்டியில் சொன்னால் இரண்டு கரைசலும் 0.1. ஆக்சாலிக் அமிலம் இரண்டு எலக்ட்ரானை விடுகிறது, பெர்மாங்கனேட் ஐந்தை வாங்குகிறது. அந்த எண்ணால் மோலாரிட்டியைப் பெருக்கினால் முடிந்தது.

வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்: அமிலத்தை ஏன் 60, 70 டிகிரிக்குச் சூடாக்கணும்? குளிர்ந்த நிலையில் வினை மிக மெதுவாக நடக்கும், இளஞ்சிவப்பு போகாமல் நின்று முடிவு நிலை வந்ததுபோல ஏமாற்றும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் சேர்ப்பதில்லை? பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், நம் அளவு கூடிப்போகும். அடர்ந்த நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்கணும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீட்டுக் கணக்கு

50 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் 18-46 என்று இருக்கும். 18 நைட்ரஜன், அதாவது 9 கிலோ. 46 பாஸ்பரஸ் என்று நினைத்தால் தப்பு. அது பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம், உர வியாபாரத்தின் பழைய வழக்கம். மூட்டையில் அந்தக் கணக்கில் 23 கிலோ. மோலார் நிறை 142, ஆகவே சுமார் 162 மோல். ஒவ்வொன்றிலும் இரண்டு பாஸ்பரஸ், 324 மோல். 31ஆல் பெருக்கினால் 10 கிலோ சொச்சம். மூட்டையில் 46 என்று பார்ப்பது பாஸ்பரஸாக 20 சதவீதம்தான்.

பொட்டாஷ் மூட்டையில் 60 என்று போட்டிருப்பதும் இதேபோல் பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டது. பொட்டாசியம் 39, ஆக்சிஜன் 16. 50 கிலோவில் எவ்வளவு பொட்டாசியம் என்று நீங்களே போடுங்கள். 25 கிலோவுக்குத் துளி குறைவாக வந்தால் சரி. 30 வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.