விரிசலைப் பார்த்ததும் நிலநடுக்கம் என்று எழுதிவிடாதீர்கள்

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பல காலமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வளவின் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) மூலையில் மேலிருந்து தரை வரை ஓடும் விரிசல், ஒரு பக்கம் சாய்ந்த மதில், முற்றத்தில் சரிந்த செங்கல் குவியல். இதையே ஓர் அகழாய்வுக் குழியில் கண்டால் நம்மில் பலர் நிலநடுக்கம் என்று எழுதிவிடுவோம். ஆனால் செட்டிநாடு நிலநடுக்க ஆபத்து குறைவான பகுதி. இந்த வீடுகள் எழுந்த பிறகு இவற்றைச் சாய்க்கும் அளவுக்கு இங்கே நிலம் அதிர்ந்ததில்லை. நிலம் நடுங்காமலே கட்டடம் எப்படியெல்லாம் உடையும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பழங்கால நிலநடுக்கங்களைத் தொல்லியல் வழியாகப் படிக்க வருகிறவர்கள் முதலில் இங்கே வர வேண்டும் என்பேன்.

எல்லா விரிசலையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அஸ்திவாரத்தின் ஒரு முனை அமிழ்ந்தால் விரிசல் மேலே அகன்று கீழே மெலியும். நடுப்பகுதி அமிழ்ந்தால் கீழே அகன்றிருக்கும். அரசங்கன்று வேர்விட்ட சுவரில் பிளவுக்குள்ளேயே வேர்த் தடம் கிடைக்கும். நிலநடுக்கத்தில் சுவர் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுபடுவதால், ஜன்னல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் பெருக்கல் குறி போலக் குறுக்கு விரிசல்கள் விழுவதுண்டு. அது ஒரு சுவரில் மட்டும் இருந்தால் போதாது, அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலும் தெரிய வேண்டும்.

அடுத்தது, இடிபாட்டின் வரிசையைப் பார்க்காமல் விடுவது. பங்காளிகள் சேர்ந்து ஒரு வீட்டை விற்கிறார்கள் என்றால் முதலில் போவது பர்மா தேக்குத் தூண்களும் உத்தரங்களும் கதவுகளும்தான். அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் போய் நிற்கும். பிடிமானம் போன சுவர்கள் மழையில் ஊறி ஒவ்வொன்றாக உள்ளே விழும். நூறு ஆண்டு கழித்துத் தோண்டுகிறவர் என்ன பார்ப்பார்? கீழே உடைந்த ஓடு, அதன்மேல் மழை கொண்டுவந்த வண்டல், அதற்கும் மேல் செங்கல். அந்த வண்டல்தான் சாட்சி. ஒரே அதிர்ச்சியில் விழுந்த வீட்டில் ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவே மண் படிய நேரமே இருக்காது. செங்கல்லுக்கு அடியில் மரமோ ஆணியோ கிடைக்கிறதா என்றும் பாருங்கள். சுத்தமாக எதுவுமே இல்லை என்றால், விழுவதற்கு முன்பே யாரோ மரத்தைக் கழற்றியிருக்கிறார்கள்.

சுவரோடு நின்றுவிடாமல் அதன் அடியில் உள்ள மண்ணையும் படிக்க வேண்டும். ராஜஸ்தானின் காலிபங்கனில் ஹரப்பாவுக்கு முந்தைய குடியிருப்பு நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டது என்று தொல்லியலாளர் பி.பி.லால் சொன்னபோது, சுவர்களோடு மண்ணடுக்குகளும் இடம்பெயர்ந்திருந்ததைக் காட்டினார். கூரை ஒழுகியோ மரத்தை உருவியதாலோ மண்ணடுக்கு நகராது.

தூண் விழுந்த திசையை வைத்து அதிர்வின் மையம் இந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவதையும் விட்டுவிடலாம். கலிலேயாக் கடல் பக்கம் உள்ள சுசிதா என்ற பழைய நகரத்தில், 749ஆம் ஆண்டு நிலநடுக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் தேவாலயத் தூண்கள் ஒரே திசையில் வரிசையாகக் கிடக்கின்றன. பார்க்க உறுதியான சான்று போலத்தான் இருக்கும். ஆனால் நிலநடுக்க ஆய்வாளர் கிளாஸ் ஹின்ட்சன் கணினியில் தூண்களைச் சாய்த்துப் பார்த்தபோது, தரை அசைவிலோ தூணின் வடிவிலோ சின்ன மாற்றம் செய்தாலே விழும் திசை மாறியது.

காலக்கணிப்பில் ஏற்படும் சறுக்கல் இன்னும் ஆபத்தானது. இடிபாட்டுக்கு அடியில் கிடைக்கும் நாணயம் 'இதற்கு முன்னால் விழவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். நம் ஊரிலேயே பாருங்கள், 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய்கள் அதே ஆண்டுக் குறியோடு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சாகின. அப்புறம் பெட்டியில் எத்தனை காலம் தூங்கினவோ! சைப்ரஸின் பழைய நகரமான கூரியனில் இடிபாட்டுக்குள் கிடைத்த எலும்புக்கூடுகளும் நாணயங்களும் 365ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தோடு நன்றாகப் பொருந்துகின்றன. அதை நம்பி, கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் நான்காம் நூற்றாண்டில் விழுந்த சுவரையெல்லாம் அந்த ஒரே நாளின் கணக்கில் எழுதுவது, விடையைப் பார்த்துக் கணக்குப் போடுவதாகிவிடும்.

ஒரே கட்டடம் வெவ்வேறு காரணங்களால் அடிபடுவதும் உண்டு. குதுப்மினாரின் மேல்பகுதியை 14ஆம் நூற்றாண்டில் மின்னல் தாக்கியது, ஃபிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டார். 1803இல் அதன் உச்சி மாடத்தை விழுத்தியது நிலநடுக்கம். எழுதிவைத்த செய்தி இல்லையென்றால் கல்லை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது திருப்பணி. ஒரு வட்டாரத்தில் பல கோயில்கள் ஒரே காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அதற்கு முன் ஏதோ பேரழிவு நடந்திருக்கும் என்று ஊகிப்பது வழக்கம். செட்டிநாட்டில் அந்த ஊகம் நிற்காது. நகரத்தார் கோயில்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரிய திருப்பணிகள் நடந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்று, அதாவது வட்டித்தொழில் செய்து, ஈட்டிய பணம் அதற்குப் பின்னால் இருந்தது. நன்றாக நின்ற மண்டபத்தையும் பிரித்துவிட்டுக் கருங்கல்லில் புதிதாகக் கட்டும் வசதி அவர்களுக்கு இருந்தது. ஆகவே வரிசை பிசகிய கல்லோ, பாதியில் அறுந்து வேறு இடத்தில் தொடரும் கல்வெட்டோ கண்ணில் பட்டால், முதலில் அந்தக் கோயிலின் திருப்பணிக் கல்வெட்டையும் குடமுழுக்கு ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கப் பட்டியலை அதற்குப் பிறகு புரட்டலாம்.