அறிவியல் மன்றத்துக்கு கம்பெனிகளிடம் நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் ஆட்களுக்கு தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், அது நடத்தும் துளிர் இதழ், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக வாய்க்கால் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து சோதிக்கும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை கிளை நூலக மாடியில் நடக்கும் வகுப்பு, மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வியாழனின் நிலவுகளைக் காட்டும் நண்பர்கள் குழு என்று எத்தனையோ வடிவங்கள். பெரும்பாலும் கைக்காசில்தான் ஓடுகிறது. கைக்காசு போதாத கட்டம் வரும்போது யாராவது "சிஎஸ்ஆர்ல கேட்டுப் பாருங்களேன்" என்பார்கள். சிஎஸ்ஆர் என்றால் கம்பெனிகள் சமூகப் பணிக்கு என்று செலவழிக்கும் பணம். கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களின் நிகழ்ச்சியில் பெரும்பாலும் குறையே இருக்காது. அந்தப் பணம் எங்கிருந்து, யார் கையெழுத்தில், எந்த மாதத்தில் வருகிறது என்று தெரியாமல் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, தன் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை சொல்கிறது, அதில் கல்வி இருக்கிறது. ஆக, நாம் கேட்பது சட்டத்தில் இடமுள்ள ஒன்று. இது தெரியாமல் "தாங்கள் பெரிய மனது வைத்து உதவ வேண்டுகிறோம்" என்று மூன்று பக்கம் உருகி எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தைப் படிப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர். அவர் அதை மேலே கொண்டுபோய் விளக்க வேண்டும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு பணம், எப்போது தொடங்கி எப்போது முடியும், அட்டவணையில் எந்த இனத்தில் வருகிறது என்று முதல் பக்கத்திலேயே இருந்தால் அவர் வேலை சுலபம். அறிவியல் மனப்பான்மையின் அவசியம் பற்றிய கட்டுரையை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அப்புறம் தகுதி. வாட்ஸ்அப் குழுவுக்கோ பதிவு செய்யாத நண்பர்கள் மன்றத்துக்கோ சிஎஸ்ஆர் பணம் வராது. பதிவு செய்த டிரஸ்ட், சொசைட்டி, அல்லது 8ஆம் பிரிவு கம்பெனியாக (லாப நோக்கம் இல்லாத கம்பெனி) இருக்க வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவுகள் வேண்டும், 2021 ஏப்ரலில் இருந்து மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு வாங்கிய எண்ணும் வேண்டும். அதோடு இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் கேட்கிறார்கள். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆசைப்பட்ட மாதத்திலேயே அவசரமாக ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, அடுத்த மாதம் புரோபோசலோடு போய் நிற்பவர்கள் இந்த மூன்று வருடக் கணக்கில்தான் மாட்டுகிறார்கள். அதைவிட, உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே எல்லாப் பதிவும் உள்ள ஒரு அமைப்போடு சேர்ந்து செய்யுங்கள். யார் பொருள் வாங்குவது, யார் கணக்கு எழுதுவது, பிள்ளைகளின் படங்களை யார் வைத்திருப்பது என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் நட்பும் போகும், நிகழ்ச்சியும் போகும்.

அரசுப் பள்ளி வளாகத்தில் நடத்துவதாக இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி இல்லாமல் கம்பெனியிடம் பள்ளிப் பெயர்களைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் வந்த பிறகு அனுமதி கிடைக்காமல் நிற்பது ரொம்பக் கொடுமை. இன்னொன்று, 2022 நவம்பரில் இருந்து அரசே வானவில் மன்றம் என்ற பெயரில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் செயல்பாடுகளை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. "அரசாங்கமே செய்கிறதே, நீங்கள் எதற்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். மாலை நேரம், விடுமுறை நாள், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், உயர்நிலை வகுப்பு என்று உங்கள் இடம் எது என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, எல்லோரும் ஒரே கதவைத் தட்டுவது. பட்டியல் போடச் சொன்னால் நான்கு பெரிய ஐடி கம்பெனிகள், இரண்டு வங்கிகள் என்றுதான் வரும். அங்கே நாடு முழுக்க உள்ள பெரிய தொண்டு நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. சின்ன அமைப்புக்கு அங்கே முறை வர வெகுகாலம் ஆகும். ஆனால் வருடம் சராசரியாக 5 கோடி லாபம் பார்க்கும் ஒரு நூற்பாலையோ, வார்ப்பட ஆலையோ, ஏற்றுமதி கம்பெனியோ 10 லட்சம் ரூபாய் செலவழித்தாக வேண்டும். இந்தத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்கு தனியாக சிஎஸ்ஆர் கமிட்டி தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். குடும்பக் கம்பெனி என்றால் பெரும்பாலும் முதலாளியும் அவர் தம்பியும்தான் அந்தக் குழு. அவர்களில் பலருக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரிவதில்லை, மார்ச் வந்ததும் ஆடிட்டர் சொல்லும் ஏதாவது ஒரு இடத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் உங்கள் ஊர் ஆடிட்டர்களிடம் உங்கள் மன்றத்தைப் பற்றி ஒரு பக்கம் கொடுத்து வையுங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

ஊர் என்றதும் இன்னொன்று. கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மும்பை தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, ஒரகடத்திலோ ஓசூரிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கும் ஆலையின் மனிதவளத் துறை ஆளை நேரில் பார்ப்பது நல்லது. போவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து சிஎஸ்ஆர் இணைப்பைப் படியுங்கள், எந்தெந்த வேலைக்கு, எங்கே, யார் மூலமாகக் கொடுத்தார்கள் என்று அதில் பார்க்கலாம். மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்திலும் கம்பெனி வாரியாகத் தகவல் இருக்கிறது. மூன்று வருடமாக குளம் மட்டுமே தூர்வாரும் கம்பெனியிடம் போய் ரோபோட்டிக்ஸ் முகாமுக்குக் கேட்டு என்ன பயன்? குளத்து நீரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முகாம் என்று கேட்டால் ஒருவேளை காது கொடுப்பார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். கம்பெனியின் வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, அந்த வருடத் திட்டத்தை இயக்குநர் குழு ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்வது வழக்கம். ஆகஸ்டில் போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். அது மறுப்பு இல்லை, உண்மையிலேயே அப்படித்தான். ஜனவரி, பிப்ரவரியில் பேச்சைத் தொடங்குங்கள். அதே மாதங்களில் வேறொரு வலையும் இருக்கிறது: 2021 திருத்தத்துக்குப் பிறகு, தொடர் திட்டத்துக்கு (ஒரு வருடத்தைத் தாண்டி நீளும் திட்டம்) என்று ஒதுக்காமல் செலவழியாமல் நிற்கும் பணத்தை கம்பெனி அரசு நிதி ஒன்றில் கட்டியாக வேண்டும் என்பதால், பிப்ரவரி கடைசியில் திடீரென்று போன் வரும், மார்ச் 31க்குள் முடித்துத் தர முடியுமா என்று. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அந்த நேரத்தில் நடக்கும் முகாமுக்கு யார் வருவார்கள்? "முடியும்" என்று சொல்லிவிட்டு பொருளை வாங்கிக் குவிப்பதைவிட, ஜூனில் தொடங்கும் தொடர் திட்டமாக எழுத முடியுமா என்று கேளுங்கள். பல நேரம் முடியும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறுக்கு இப்போது வருகிறேன். கருவிக்குக் கேட்கிறோம், ஆளுக்குக் கேட்பதில்லை. எத்தனையோ பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவைத் திறந்தால் பார்க்கலாம்: தெர்மாகோலை விட்டு வெளியே வராத மைக்ரோஸ்கோப், பேட்டரி கசிந்து பச்சை பூத்த மின்சுற்றுப் பெட்டி, பூஞ்சை பிடித்த லென்ஸ், பெட்டி மேல் கம்பெனி லோகோ பளபளவென்று. கொடுத்த அன்று போட்டோ எடுத்தார்கள், அதற்குப் பிறகு அதைத் தொட ஆள் இல்லை. வீணாகும் பொருட்களில் அறிவியல் பொம்மை செய்யும் அர்விந்த் குப்தா தீப்பெட்டியையும் ஸ்ட்ராவையும் வைத்தே இத்தனை வருடம் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டியிருக்கிறார். பொருள் மலிவாகக் கிடைக்கும். வாராவாரம் தவறாமல் வந்து பிள்ளைகளோடு உட்காரும் ஆள்தான் கிடைக்க மாட்டார், அவருக்குத்தான் காசு வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஒன்றியத்தில் 20 கிராமங்கள், கிராமத்துக்கு 25 பிள்ளைகள், அந்த ஊரிலேயே பட்டம் படித்த ஒரு பெண் சனிக்கிழமைதோறும் மன்றம் நடத்துகிறார், மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். வருடத்துக்கு 4,80,000. ஊர் ஊராகப் போய் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 18,000 வீதம் 2,16,000. பொருளுக்கு ஊருக்கு 5,000 வீதம் 1,00,000. மொத்தம் 7,96,000. பொருள் எட்டில் ஒரு பங்குதான். பிள்ளைக்கு வருடத்துக்கு 1,600 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு, மேலே சொன்ன நூற்பாலையின் 10 லட்சத்துக்குள் அடங்கிவிடும். சம்பளம் என்று எழுதினால் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து அதைப் "பயிற்சிப் பொருட்கள்" என்று ஒளித்து எழுதுகிறவர்கள் உண்டு. அது பொய்க்கணக்கு, தணிக்கையில் பிடிபடும். "5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு கூடாது என்று சட்டம் இருக்கிறது" என்று கம்பெனிக்காரரே சொல்லலாம். அந்த வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. மன்றம் நடத்தும் பெண்ணுக்குக் கொடுக்கும் காசுதான் திட்டமே. விதியின் அந்த வரியை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள்.

தொலைநோக்கி மாதிரி பெரிய பொருள் வாங்கினால் அது யார் பெயரில் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய சொத்து கம்பெனி பெயரில் இருக்க முடியாது, உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கக் கூடாது. பதிவு பெற்ற அமைப்பின் பெயரிலோ அரசுப் பள்ளியின் பெயரிலோ இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

விளம்பர ஸ்பான்சர் வேறு, சிஎஸ்ஆர் வேறு. தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் வராது, தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துவதும் வராது. எனவே அந்தப் புரோபோசலில் "நுழைவாயிலில் உங்கள் பொருட்களின் ஸ்டால்" என்று ஆசை காட்டாதீர்கள். அறிவியல் கண்காட்சிக்கு பேனர் வைத்துக் காசு வாங்குவது தப்பில்லை, அதை விளம்பரத் துறையிடம் தனியாகக் கேளுங்கள்.

எண்ணிக்கையில் ஏமாற வேண்டாம். ஒரு நாள் மைதானத்தில் ராக்கெட் விட்டுக் காட்டிவிட்டு "10,000 மாணவர்கள் பயன்பெற்றனர்" என்று எழுதினால் அடுத்த வருடம் 20,000 கேட்பார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து யோசிக்கும் மன்றம் காணாமலே போய்விடும். மதிப்பெண் உயரும் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள், நம் வேலை டியூஷன் கிடையாது. எத்தனை பிள்ளைகள் ஆறு மாதம் கழித்தும் வருகிறார்கள், என்ன கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் தாங்களாக ஒரு ஆய்வு செய்தார்கள் என்று ஒரு நோட்டில் வாராவாரம் எழுதி வைத்தால் சின்ன கம்பெனிக்கு அதுவே போதும். வெளியாளை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்லும் சட்டக் கட்டாயம், சராசரியாக 10 கோடியும் அதற்கு மேலும் சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனிகளின் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான்.

தனிநபர்களிடம் கேட்பதில் பெரிய ஆபத்து வெளிநாட்டுப் பணம். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆசையாகக் கொடுப்பார்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "பதிவு உள்ள வேறு அமைப்பு வழியாக வாங்கிக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்வார்கள், அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உள்ளூர் நன்கொடையாளர்களிடம் 80ஜி வரிச் சலுகையையே பெரிதாகச் சொல்லிக் கேட்பதும் இப்போது எடுபடாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. சலுகை உள்ளவர்களுக்கு மே 31க்குள் கணக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் கொடுத்துவிடுங்கள், ஒருமுறை தவறவிட்டால் அந்த மனிதர் மறுபடி கொடுக்க மாட்டார்.

பணம் வந்தாயிற்று என்றால், தொடக்க விழாவோடு கம்பெனியை மறந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பக்க அறிக்கை, செலவுப் பயன்பாட்டுச் சான்று, மீதம் இருந்தால் எவ்வளவு, ஏன் என்று. அந்த ஆலையின் இன்ஜினியர்களை ஒரு சனிக்கிழமை மன்றத்துக்கு வரச்சொல்லி, ஒரு மோட்டாரைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தொடர் திட்டம் என்றால் தொடங்கும் நிதியாண்டு போக இன்னும் மூன்று வருடம் வரை போகலாம், அதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதி வாங்கவில்லை என்றால் இரண்டாம் வருடத்துக்கான கடிதத்தை டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.