சென்னை – லண்டன்: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

செல்போன் கால்குலேட்டர் போதும். போனைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் வரும்.

1. அட்சரேகை, தீர்க்கரேகை

சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17. லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. மேற்கு, தெற்கு என்றால் மைனஸ் குறி போட வேண்டும். லண்டனுக்கு அதை மறந்தால் அறுபது கி.மீ.தான் பிசகும். நியூயார்க்குக்கு (மேற்கு 73.78) மறந்தால் 154 டிகிரி வித்தியாசம் 6 டிகிரியாகிவிடும், விடை எதற்கும் உதவாது.

2. தூரம்

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.1758. அடுத்து இரண்டின் காஸ்களையும், தீர்க்கரேகை வித்தியாசமான 80.62-இன் காஸையும் பெருக்குங்கள்: 0.0989. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 0.2748. இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 74.05 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 8,234 கி.மீ.

விடை தாறுமாறாக வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது என்று அர்த்தம். டிகிரிக்கு மாற்றுங்கள். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த படம் அது, வடக்கே போகப் போக தூரத்தை நீட்டிக் காட்டும்.

3. பறக்கும் நேரம்

விமானம் நேர்கோட்டில் போவதில்லை. மூடிய வான்வெளி, போர்ப்பகுதி, இறங்க வரிசை என்று சுற்றும். ஐந்து சதவீதம் கூட்டி 8,640 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, அதனால் 850 என்று வகுங்கள்: 10 மணி 10 நிமிடம். திரும்பும்போது பின்னிருந்து தள்ளும், 930 என்று வகுங்கள்: 9 மணி 17 நிமிடம். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக அரை மணி சேருங்கள். போக 10.40, வர 9.50 மணி நேரம் அளவில் வரும். குளிர்காலத்தில் ஜெட் காற்று வலுவாக இருப்பதால் இந்த இடைவெளி இன்னும் கூடலாம்.

4. உள்ளூர் நேரம்

பலரும் தவறுவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 5.30-க்குச் சென்னையில் கிளம்பி 10.40-க்கு லண்டனில் இறங்கினால் ஐந்து மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னே இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணிதான். இறங்கும் நேரத்தை முதலில் இந்திய நேரமாக்கி, பிறகு கழியுங்கள்.

திரும்பும்போது தேதியும் மாறும். குளிர்காலத்தில் மதியம் ஒரு மணிக்கு லண்டனில் புறப்பட்டால், சென்னையில் இறங்குவது மறுநாள் விடியற்காலை நாலே கால், நாலரை மணிக்கு. கூப்பிட வண்டி சொல்லும்போது அந்த மறுநாள் தேதியைச் சொல்லுங்கள்.