கர்ப்பகால இடுப்பு வலி: புரண்டு படுக்கும் வித்தையும் மற்றவையும்

ஏழாம் மாதம். பேன்ட் மாட்ட ஒற்றைக் காலில் நின்றேன். அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் சுரீரென்று ஒரு குத்து. "மாசமா இருந்தா அப்படித்தான்" என்றார்கள். அப்படியெல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஏறத்தாழ 5 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருவது இந்த இடுப்பெலும்பு வலி. குழந்தைக்கு ஆபத்தில்லை, நமக்குத்தான் பாடு.

காய்ச்சல், ரத்தப்போக்கு, நீர்க்கடுப்பு, விட்டுவிட்டு வரும் வலி, தொடையிடுக்கில் மரத்துப்போதல், இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

1. உடை, செருப்பு எல்லாம் உட்கார்ந்தே போடுங்கள்.

2. புரளுவது. நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்திருந்தேன். ஆனால் திரும்பும்போது மேல்காலைத் தூக்கிப் போட்டுவிட்டு இடுப்பைப் பின்னால் இழுத்தேன். அதுதான் கோளாறு. இரண்டு முழங்காலையும் மடக்கி, தலையணையை நடுவில் இறுக்கிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடியே தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் மரக்கட்டை உருளுவதுபோல் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இடுப்புக்கு அடியில் வழுவழுப்பான துணி விரித்தால் பாதி வேலை மிச்சம். எழும்போது ஒருக்களித்து, கால்களைச் சேர்த்தே கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள்.

ஆளுயரக் கர்ப்பகாலத் தலையணை எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதையும் சேர்த்துப் புரட்ட வேண்டும்! சாதாரணத் தலையணை இரண்டு போதும், கணுக்கால் வரை தாங்கினால் சரி.

3. வலி மாத்திரை: ஐப்யூபுரூஃபன் வேண்டாம். பாரசிட்டமாலும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

4. பிரசவத்துக்கு முன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலிக்காமல் முழங்கால்கள் எவ்வளவு விரிகின்றன என்று டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். அதைப் பிரசவ அறையில் சொல்லுங்கள். எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) போட்டால் வலி தெரியாது. கால்களை அளவுக்கு மீறி விரித்துவிடுவார்கள்.

5. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குச் சில வாரங்களில் குறையும். குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்; நான் தள்ளிப்போட்டதுதான் தப்பு.

பின்சேர்க்கை: இடுப்பைத் தாங்கும் கர்ப்பகால பெல்ட் போட்டும் வலிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால், வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அது வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டி இருக்க வேண்டும். நடக்கும்போது மட்டும் போதும்.

இன்னொருவருக்கு மாடிப்படி தகராறு. ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குழந்தை பிறந்த பிறகும் இதேதான். பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் மட்டும் வைத்துத் தூக்காதீர்கள்.